சுடலைமுத்து கேட்ட சிபாரிசு

விசு,

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னவர் சுடலைமுத்து. வருகிற திங்கட்கிழமை நீ சிவகிரிக்குப் பக்கத்துத் தோப்பில் உதவி மேலாளராகச் சேரப்போகிறாய் என்பது உன் அம்மா சொல்லி அவருக்குத் தெரிந்திருக்கிறது. மறுநாள் காலையிலேயே வீரகேரளம்புதூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். காப்பி குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றியே பேசினார். பிறகு தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணாச்சி, தம்பிட்ட எனக்காவ ஒரு வார்த்த சொல்லணும். அங்கன மருந்து அடிக்க ஆள் எடுக்காவளாம்" என்றார். போனில் சொல்கிறேன் என்றேன். அவர் ஒப்பவில்லை. "போன்ல சொன்னது காத்தோட போயிரும். எழுதிக் குடுங்க. நீங்க எழுதுனா நாலு பேரு நம்புவாவ" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் ஒரு வாரமாக என்னை விட்டுப் போகவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். சிபாரிசுக் கடிதம் என்றால் அரைப் பக்கம் போதும். முப்பத்திரண்டு வருடம் தென்காசியில் நிருபராக இருந்த எனக்கு எதையும் அரைப் பக்கத்தில் எழுதத்தான் பழக்கம். ஆனால் இந்த மனிதரை உன்னிடம் அனுப்புவதற்கு முன் நீ எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாதி உனக்குத் தெரியும், கூடவே இருந்தாய். மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மீதி மற்றவர்களுக்கும் தெரிய வேண்டியது என்பதால் இதை அச்சுக்கும் கொடுக்கிறேன். சுடலைமுத்துவிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். பெயரை மாற்றிப் போடட்டுமா என்றதற்கு, "என் பேரயே போடுங்க. படம் போட்டா மட்டும் முடி மொளச்ச பொறவு எடுத்ததாப் போடுங்க" என்றார்.

வீரகேரளம்புதூரில் என் அம்மா வழியில் வந்த இரண்டு ஏக்கரில் எலுமிச்சையும் தென்னையும் நிற்கிறது. உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கே களை என்றால் சுடலைமுத்துதான். அதற்கு முன்பு எட்டுப் பெண்கள் வந்து நாலு நாள் கொத்துவார்கள். ஆள் கிடைப்பது குறைந்த பிறகு சுடலைமுத்து தனியாக வந்து ஒரு காலையில் முடித்துவிட்டுப் போனார். முதுகில் பதினாறு லிட்டர் டேங்க், இடது கையில் பம்பு அடிக்கும் பிடி, வலது கையில் குழல். மடித்துக் கட்டிய லுங்கிச் சாரம், தலையில் துண்டு, வெறுங்கால். நம் தோப்புக்கு வருடத்தில் மூன்று முறைதான். ஆனால் அவருக்கு நம்முடையது மாதிரி நாற்பது தோப்பு. சுரண்டை வரை போய் அடிப்பார். வாரத்தில் ஐந்து நாள், அப்படி இருபத்தொரு வருடம். ஊரில் அவரை மருந்துக்காரர் என்றார்கள். நீ பேசப் பழகிய காலத்தில் மருந்து மாமா என்றாய்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வயதாக ஆக நன்றியைத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம் இல்லை என்று தோன்றுகிறது. என் சம்பளம் நிருபர் சம்பளம். அந்தத் தோப்பு காய்த்ததால்தான் நீ விவசாயக் கல்லூரியில் படித்தாய். தோப்பு காய்த்ததற்கு அந்த முதுகு ஒரு காரணம். இதை நீ மறக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அப்பா எழுதியதாக ஒரு இடத்தில் இருக்கட்டும்.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன். குழலின் முனையில் ஒரு சின்ன நாசில் இருக்கும். அதில் தூசி அடைத்தால் தெளிப்பு ஒரு பக்கமாகச் சாயும். சுடலைமுத்து அதைக் கழற்றி, உதட்டில் வைத்து, பூ என்று ஊதுவார். இரண்டு தடவை ஊதிவிட்டு எச்சிலைத் துப்பிவிட்டு மறுபடி மாட்டுவார். ஒரு காலையில் நாலைந்து தடவையாவது ஊதுவார். நான் கிணற்று மேட்டில் நின்றுகொண்டு அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை இரண்டு முறை அல்ல. ஊரில் தண்ணீர்க் குழாய் உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டு எழுதுகிற எனக்கு, என் தோப்பில் ஒருவர் விஷக் குழலை வாயில் வைப்பதைப் பார்த்துக் கேட்கத் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பூச்சி மருந்து, களை மருந்து. கொல்வதற்காகவே செய்த ஒன்றுக்கு நம் ஊரில் மருந்து என்று பெயர். யாராவது உயிரை மாய்த்துக்கொண்டால்கூட "மருந்தக் குடிச்சிட்டான்" என்றுதான் சொல்லுவோம். காவல் நிலையத்திலிருந்து வாங்கி வந்த செய்திகளில் நானும் அப்படித்தான் எழுதினேன். டப்பாவின் மேல் களைக்கொல்லி என்று அச்சடித்திருக்கும். பக்கத்திலேயே மண்டையோட்டுப் படமோ, ஏதாவது ஒரு நிறத்தில் முக்கோணமோ இருக்கும். கடையில் போய் யாரும் களைக்கொல்லி கொடுங்கள் என்று கேட்டதில்லை. மருந்து என்று கேட்டு வாங்கி, மருந்து என்று சொல்லிக் கலக்கி, மருந்து என்று நினைத்தே உடம்பில் பட விட்டார்கள். அம்மா தரும் கஷாயத்தைப்போல, கொஞ்சம் கசக்கும், அவ்வளவுதான் என்கிற மாதிரி.

நான் யாரிடமும் சொல்லாதது இதுதான். எங்கள் பத்திரிகையில் வாரம் ஒரு நாள் விவசாயப் பக்கம் வரும். தென்காசிப் பகுதிக்கு அதை நான்தான் பார்த்தேன். ஒரு வாரம் பக்கத்தின் அடியில் நாலு வரிக்கு இடம் காலியாக இருந்தது. காலியாக விட முடியாது. அன்று காலையில் ஒரு உரக்கடையில் பேச்சுவாக்கில் கேட்ட ஒன்றை எடுத்துப் போட்டேன். "களை மருந்து அடிக்கும் முன் கை கால்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் மருந்து தோலில் ஒட்டாது. வேலை முடிந்ததும் கழுவினால் எளிதில் போய்விடும்." யார் சொன்னது, சரியா என்று ஒரு விவசாய அதிகாரியிடமாவது, ஒரு டாக்டரிடமாவது கேட்டிருக்கலாம். பத்து நிமிட வேலை. கேட்கவில்லை. எல்லோரும் செய்வதுதானே என்று நினைத்தேன். பலாப்பழம் அரிகிறபோது கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோம், பால் ஒட்டுவதில்லை. அந்த நியாயம்தான்.

அந்த நாலு வரியை வீரகேரளம்புதூர் உரக்கடைக்காரர் வெட்டி, கல்லாவுக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தார். பன்னிரண்டு வருடம் அது அங்கே இருந்தது. மஞ்சளாகி, ஓரம் சுருண்டு, சுவருக்கு இரண்டு முறை வெள்ளையடித்தபோதும் அதை மட்டும் விட்டு அடித்தார்கள். சுடலைமுத்து தினமும் காலையில் அரை மூடி எண்ணெயைக் கையிலும் காலிலும் தேய்த்துக்கொண்டுதான் டேங்கைத் தூக்கினார். கையுறை போடுங்கள் என்று ஒருமுறை யாரோ சொன்னபோது, "எண்ணெ போட்டிருக்கம்லா, அண்ணாச்சியே பேப்பர்ல எழுதியிருக்காவ" என்று பதில் சொல்லியிருக்கிறார். நான் எழுதினால் நாலு பேர் நம்புவார்கள் என்பது அவர் சும்மா சொன்னது அல்ல, விசு.

எண்ணெயைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதில் நன்றிதான் அதிகம். ஆனி மாதக் கடைசியில் தோப்புகளில் ஒரு சுற்று களைக்கு அடித்து முடிப்பார்கள். அது முடிந்ததும் நானும் சுடலைமுத்துவும் குற்றாலம் போவோம். எனக்கு அங்கே வேலை இருக்கும். குற்றாலத்தில் சீசன் களைகட்டியது என்று வருடா வருடம் எழுத வேண்டியது என் பொறுப்பு. அவருக்கு மருந்து நெடி போக வேண்டும். ஒரு வருட நெடியும் அருவித் தண்ணீரில் போய்விடும் என்பது தோப்பு வேலைக்காரர்கள் எல்லோருடைய நம்பிக்கை. நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய சாரலிலும் போனோம். கிளம்பும்போது உன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரு மொகத்துல களையே இல்ல, கவனிச்சியளா" என்றாள். வயலில் களையைப் பற்றியும் குற்றாலத்தில் களையைப் பற்றியும் எழுதித் தள்ளியவன் நான். மனித முகத்தில் களை போனதை அவள்தான் பார்த்தாள். உடம்பு இளைத்திருந்தது. சாயங்காலமானால் காய்ச்சல் மாதிரி ஒன்று வந்து வியர்த்துக் கொட்டுகிறது என்று பஸ்ஸில் அவரே சொன்னார். வேலை அலுப்பு, ஒரு எண்ணெய்க் குளியலில் சரியாகிவிடும் என்றார். நானும் தலையாட்டினேன்.

அங்கே எண்ணெய் தேய்க்கிற இசக்கியை உனக்குத் தெரியும். உன்னைச் சின்ன வயதில் கதறக் கதறத் தேய்த்தவர். சுடலைமுத்துவைப் பலகையில் உட்காரவைத்து எண்ணெயை ஊற்றி முதுகிலிருந்து ஆரம்பித்தார். பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சீசனுக்கு வந்த கூட்டம், கார் நிறுத்த இடமில்லாதது, எல்லாம் பேசிக்கொண்டே கழுத்துக்கு வந்தார். அங்கே பேச்சு நின்றது. கழுத்தின் இரண்டு பக்கமும் விரலால் மெல்லத் தடவினார். கையைத் தூக்கச் சொல்லி அக்குளில் பார்த்தார். மறு கையையும் பார்த்தார். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, இதுக்கு மேல் தேய்க்க மாட்டேன் என்றார்.

சுடலைமுத்துவுக்குக் கோபம். டேங்கின் வார் தோளில் அழுத்தி நெறி கட்டியிருக்கிறது, நன்றாக அழுத்தித் தேய்த்தால் கரைந்துவிடும் என்றார். இசக்கி துணியால் அவர் கழுத்து எண்ணெயைத் துடைத்தார்.

"நெறி கட்டுனா வலிக்கும் அண்ணாச்சி. நான் இந்த அமுக்கு அமுக்குதேன், ஒங்களுக்கு வலிக்கல. வலிக்காததப் பாத்துதான் எனக்குப் பயமா இருக்கு. டாக்டர்ட்ட காட்டுங்க. இன்னைக்கே."

அன்றைக்கு நாங்கள் அருவியில் குளிக்காமலே திரும்பினோம். எத்தனையோ ஆயிரம் உடம்பைத் தொட்ட அந்தக் கைக்கு நான் என்ன நன்றி சொல்ல முடியும்? எண்ணெய் தடவினால் ஒன்றும் ஆகாது என்று எழுதியது என் கை. எண்ணெய் தடவியபோதே ஏதோ ஆகிவிட்டது என்று கண்டது இசக்கியின் கை. இரண்டையும் நான் சேர்த்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது நீ செய்தது. நீ விடுமுறைக்கு வந்திருந்தாய். திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்துப் போனவன் நீ. நான் கூட வந்தேன், அவ்வளவுதான். கழுத்துக் கட்டியில் சதை எடுத்துப் பரிசோதித்து, நிணநீர்க் கணுக்களில் வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய் என்று சொன்ன அன்று, அந்த இளம் பெண் டாக்டர் நோயாளிச் சீட்டைப் பார்த்தார். தொழில் என்ற இடத்தில் கூலி என்று எழுதியிருந்தது. எழுதிக்கொண்டவரைக் குறை சொல்ல மாட்டேன், சுடலைமுத்து சொன்னதே அதுதான். டாக்டர் பேனாவை மூடாமல், "என்ன கூலி வேலை?" என்று கேட்டார். மருந்து அடிக்கிறவர் என்று நீ சொன்னாய். "என்ன மருந்து? எத்தனை வருஷமா?" என்று அடுத்து கேட்டார். வருடத்துக்கு மட்டும்தான் எங்களிடம் பதில் இருந்தது. என்ன மருந்து என்பதற்கு சுடலைமுத்து, "மொதல்ல பச்ச மூடி போட்டது. பொறவு வெள்ளக் கேனு. நடுவுல ஒண்ணு, சீயக்கா தண்ணி மாதிரி இருக்கும்" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார். "கூலி"யை அடித்துவிட்டு, களைக்கொல்லி தெளிப்பவர், இருபத்தொரு ஆண்டு என்று எழுதினார்.

மறுநாள் நீ யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு மூன்று உரக்கடைக்குப் போய், எந்த வருடம் எது விற்றது என்று கேட்டுக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாய். நான் முப்பத்திரண்டு வருடம் செய்த வேலையை நீ ஒரே நாளில் என்னைவிட நன்றாகச் செய்தாய். அந்தத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. அதில் பாதி இடத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாய். தெரியாததைத் தெரியாது என்று போட்டாயே, அதைப் பார்த்துத்தான் நான் நிம்மதியடைந்தேன்.

அதே துல்லியத்தோடு இதையும் எழுதுகிறேன். சுடலைமுத்துவுக்கு நோய் வந்தது களைக்கொல்லியால்தான் என்று நான் சொல்லவில்லை. நான் டாக்டரிடம் நேராகவே கேட்டேன். நீண்ட காலம் இவற்றோடு புழங்குகிறவர்களுக்குச் சில வகை ரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு, அப்படித் தெரியவில்லை என்று சொல்கிற ஆய்வுகளும் உண்டு, ஒவ்வொரு மருந்துக்கும் கதை வேறு என்றார். "இவருக்கு இதனாலதான் வந்ததுன்னு என்னால எழுதித் தர முடியாது சார். இதனால வரலைன்னும் எழுதித் தர முடியாது" என்றார். நிருபர் வேலையில் எனக்கு எத்தனையோ பேட்டி. இவ்வளவு நேர்மையான பதில் கொஞ்சம்தான். ஆபத்து இருக்கலாம் என்று தெரிந்த பிறகு, நிச்சயமாகத் தெரியட்டும் என்று காத்திருப்பது யாருடைய உடம்பில் என்பதுதான் கேள்வி. காத்திருந்தது எப்போதும் டேங்கைத் தூக்கியவர் உடம்பில்தான். என் உடம்பில் அல்ல.

அதே சந்திப்பில் எண்ணெயைப் பற்றியும் கேட்டேன். நான் எழுதியதைச் சொல்லாமல், ஊரில் ஒரு வழக்கம் என்று கேட்டேன். எண்ணெய் தடுக்காது என்றார். எண்ணெயில் கரைகிற வகைகளாக இருந்தால் தோலோடு சேர்த்துப் பிடித்துவைக்கவும் செய்யும், முழுக்கைச் சட்டையும் சரியான கையுறையும்தான் வழி என்றார். சுடலைமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்றுவரை அதற்காக என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். ஆறு தடவையும் நீயோ நானோ கூடப் போனோம். முடி கொட்டியபோது அவர் தலையைத் தடவிக்கொண்டு, "தலைக்குக் களை மருந்து அடிச்சிட்டாவ அண்ணாச்சி, நம்ம தோப்புலகூட இப்படிச் சுத்தமாக் கருகுனதில்ல" என்றார். வார்டே சிரித்தது. சிரிக்க முடியாத நாள் ஒன்றும் இருந்தது. இரண்டாவது தடவை. மருந்துப் பையைத் தொங்கவிட வந்த நர்ஸ், இரண்டு கையிலும் முழங்கை வரை உறை, உடம்பு முழுக்க மூடிய அங்கி, முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி என்று வந்தாள். ஒரு சொட்டு மேலே பட்டுவிடக் கூடாது என்று குழாயை அவ்வளவு பதனமாகப் பூட்டினாள். சுடலைமுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எதுக்கும்மா இதெல்லாம் என்று கேட்டார். இந்த மருந்து நோயைத்தான் அழிக்கும், ஆனால் தினமும் கையாளுகிற எங்கள் மேல் பட்டால் எங்களுக்கு ஆகாது தாத்தா, அதனால் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். அவள் போன பிறகு அவர் என்னிடம் சொன்னார்.

"உசுரக் காப்பாத்துத மருந்து. அதத் தொடுததுக்கே அந்தப் பிள்ளைக்கு இம்புட்டு குடுத்திருக்காவ. நான் உசுர எடுக்குதத வாயில வச்சி ஊதுனேனே அண்ணாச்சி. யாராவது ஒரு ஆளு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. யாராவது என்றுதான் சொன்னார். அந்த யாராவது நான்தான். கிணற்று மேட்டில் நின்றவன்.

மூன்றாவது தடவை முடிந்து வந்ததும் உரக்கடைக்குப் போய்ச் சுவரிலிருந்த அந்த நாலு வரியைக் கிழித்தேன். கடைக்காரர் பதறிவிட்டார், நல்ல செய்தி, ஏன் கிழிக்கிறீர்கள் என்றார். பத்திரிகைக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன். அத்தனை வருடம் கழித்து, யாரும் புகார் சொல்லாத ஒன்றுக்குத் திருத்தம் போடும் வழக்கம் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. அதனால் இங்கே போடுகிறேன். தேங்காய் எண்ணெய் களைக்கொல்லியைத் தடுக்காது. அப்படித் தடுக்கும் என்று விசாரிக்காமல் எழுதியவன் நான். அதை நம்பியவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

சிகிச்சை முடிந்து இரண்டரை வருடம் ஆகிறது. போன மாதம் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. முகத்தில் களை வந்துவிட்டது என்று உன் அம்மாவே சான்று கொடுத்துவிட்டாள். அந்த டாக்டருக்கும், நர்ஸ் பெண்ணுக்கும், இசக்கிக்கும், வெறுங்கையால் அந்தச் சாரங்களை வருடக்கணக்கில் துவைத்து, பிறகு அவருக்குக் கஞ்சி ஊட்டிய அவர் மனைவி பேச்சியம்மாளுக்கும் நான் தினமும் நன்றி சொல்கிறேன். ஆனால் இனி அந்த வேலை பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஒரு சீசனுக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் காவல் இருந்தார். சீசன் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு வேலை இல்லை. இதற்கு நடுவில்தான் நீ சிவகிரி போகும் செய்தி அவர் காதுக்குப் போனது.

அன்று காப்பி தம்ளரை வைத்துவிட்டு அவர் கேட்டபோது, போனில் சொல்கிறேன் என்றது தட்டிக்கழிக்கத்தான். எழுதித்தான் தர வேண்டும் என்று அவர் பிடித்தபோது முடியாது என்றேன். சண்டையே வந்தது. பெரிய தோப்பு, கையுறை கண்ணாடி எல்லாம் கொடுப்பார்களாம், பிறகென்ன என்றார். ஒரு தடவை பிழைத்து வந்தவர் மறுபடி அதில் கையை வைக்கலாமா என்றேன். "எனக்கு வேற என்ன வேல தெரியும்? சும்மா இருந்தா நோயாளின்னுதான சொல்லுவாவ. வேலைக்குப் போனா மருந்துக்காரர்னு சொல்லுவாவ" என்றார். சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரை உன் அம்மாதான் நிறுத்தினாள். சிவகிரியில் அடிக்கிறவர்கள் கையுறையைப் போடுவார்களா என்று அவரிடம் கேட்டாள். அவர் திரும்பி நின்று யோசித்தார். "எங்க போடுவான். பத்து மணிக்கு மேல வெயில்ல வெந்துரும். கழட்டிக் கெளையில தொங்கவிட்டுருவான். நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன்" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, யார் எப்போது எதைக் கழற்றுவான் என்று ஒரு மணி நேரம் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். உனக்கு நான் சொல்லும் யோசனை எதுவும் என்னுடையது அல்ல, அவருடையது.

கவசத்தை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் உன் கடமை முடிந்தது என்று நினைக்காதே. வெயிலில் அதைப் போட முடியாது. அதனால் விடிந்ததும் ஆரம்பித்து ஒன்பது மணிக்கு நிறுத்து, காற்று எழுந்தால் அதற்கு முன்பே நிறுத்து. முடிகிற இடத்தில் இயந்திரத்தால் வெட்டு, தென்னை மட்டையைப் பரப்பி மூடு. அடிக்காத களைதான் பாதுகாப்பான களை. ஒவ்வொருவரிடமும் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் இருக்கட்டும், நாசிலைத் தேய்க்க. வாய் அதற்கு இல்லை. வேலை முடிந்ததும் தோப்பிலேயே சோப்புப் போட்டுக் குளித்து, உடையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகட்டும். பேச்சியம்மாள் துவைத்த மாதிரி இன்னொருத்தி துவைக்க வேண்டாம். ஒரு நோட்டுப் போடு. தேதி, என்ன மருந்து, யார் அடித்தது. டாக்டர் கேட்டபோது எங்களிடம் இல்லாத பதில் அதில் இருக்கும். அந்த நோட்டில் மருந்து என்று எழுதாதே. டப்பாவில் என்ன பெயர் போட்டிருக்கிறதோ அதை எழுது.

இப்போது சிபாரிசுக்கு வருகிறேன். சுடலைமுத்துவை எடுத்துக்கொள். தெளிக்க அல்ல. டேங்க் நிரப்புகிற இடத்துக்குக்கூட அவர் போகக் கூடாது. தோப்புக்குள் போகிற வழியில், காற்று அடிக்கிற திசைக்கு எதிர்ப் பக்கம், தள்ளி, ஒரு நாற்காலி போட்டுக் கொடு. கையுறை இல்லாமல் வருகிறவனை அவர் திருப்பி அனுப்பட்டும். நீ சொன்னால் பட்டணத்துப் படிப்பு என்பார்கள், நான் எழுதினால் பேப்பர் என்பார்கள். கழுத்தில் அந்த அறுவைத் தழும்போடு அவர் சொன்னால் எவனும் எதிர்த்துப் பேச மாட்டான். எந்தக் கிளையில் தேட வேண்டும் என்றும் அவருக்குத்தான் தெரியும்.

நேற்று இதையெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டினேன். எண்ணெயைப் பற்றிய இடம் வந்தபோது, "அத விடுங்க அண்ணாச்சி, போடணுமா" என்றார். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றேன். கடைசியில், வேலைக்கு என்ன பெயர் எழுதட்டும் என்று கேட்டேன். காவலாளி என்றேன், அது லாட்ஜிலேயே பார்த்தாயிற்று என்றார். மேற்பார்வையாளர் என்றேன், அது சட்டையை உள்ளே விட்டுக்கொள்கிறவன் பெயர் என்றார். பிறகு அவரே ஒரு பெயர் சொன்னார். "பாத்துக்கிடுதவருன்னு போடுங்க" என்றார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் உன்னோடு வருவார். பம்பை எடுத்து வரட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். வருகைப் பதிவேட்டில் தொழில் என்ற இடத்தில் யாராவது கூலி என்று எழுத வந்தால், பேனாவை வாங்கி, அவர் சொன்னதை நீ எழுது.

இவ்வளவு நாள் நான் செய்யாத வேலை அது. நீ செய்வாய் என்ற நம்பிக்கையுடன்,
அப்பா